படகு மெதுவாகப் போன காரணம்

வியாழக்கிழமை காலை ஆறே காலுக்குப் படகு கரையை விட்டது.

தள்ளிவிட ஆள் இல்லை. நெட்டையும் டெய்லரும் முழங்கால் தண்ணீரில் நின்று தாங்களே தள்ளினார்கள். பிறகு ஒருவன் மாற்றி ஒருவன் ஏறிக்கொண்டார்கள். நெட்டை சுக்கானைப் பிடித்தான். பாயின் கயிறு டெய்லர் கைக்கு வந்தது.

நெட்டை லிஃப்ட் மெக்கானிக். அந்தப் படகில் உட்கார்ந்தால் அவன் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வரும். டெய்லரை ஊரே டெய்லர் என்றுதான் கூப்பிட்டது. ஆனால் ஒரு சட்டை தைக்கச் சொன்னால் திருதிருவென்று விழிப்பான். முப்பது வருடமாக அவன் தைத்ததெல்லாம் திரைச்சீலை. வீடு, ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று எங்கே ஜன்னல் இருந்ததோ அங்கே ஏணியோடு போய் நின்றிருக்கிறான். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நெட்டை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெய்லர் செய்துகொண்டான், மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன.

படகு ஒரு ஹோட்டலின் முன்வாசலில் கிடந்தது. உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஹோட்டலின் லிஃப்ட் முதலாளியின் மாமியாரோடு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. நெட்டை போய் இறக்கிவிட்டான். என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டார். இவன் படகைக் காட்டினான். மாமியார் வெளியே வந்ததில் முதலாளிக்குச் சந்தோஷமா வருத்தமா என்று கடைசிவரை பிடிபடவில்லை என்று பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். ஓட்டையை அடைத்தார்கள். கழித்துப் போட்ட லிஃப்டிலிருந்து கப்பிகளைக் கழற்றி மாட்டினார்கள். ஒரு வருடம் இரவல் பாய் கட்டி ஏரியில் பழகினார்கள். கடலுக்கென்று புதுப் பாயை டெய்லரே தன் கடையில் தைத்தான்.

போக வேண்டிய இடம் தெற்கே, நெட்டையின் தங்கை இருக்கும் ஊர். பஸ்ஸில் அரை நாள். படகில் போனால் இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்று நெட்டை கணக்குப் போட்டான். வரைபடத்தில் தெற்கு கீழே இருந்ததால் அவனுக்கு அது கீழே இறங்குகிற வேலை. அதில் தனக்கு நல்ல அனுபவம் என்றான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கடை விடுமுறை. அன்றைக்கு இருட்டுகிறவரைக்கும் படகுத்துறையில் நிற்பதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் சொன்னது அது மட்டும் இல்லை. மிச்சத்தை டெய்லரிடம் சொல்லியிருந்தாள்.

போன வருடம் அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கடைக்குத் திரை போடப் போனான். கடையின் பின்னால் சிறிய அறை. கண் பார்க்கும் அறை என்பதால் வெளிச்சம் ஒரு நூல்கூட உள்ளே வரக்கூடாது. ஒரே முறை போனால் முடிகிற வேலை. அவன் நான்கு முறை போனான். கம்பி சரியில்லை என்றான். துணி சுருங்கிவிட்டது என்றான். கடைசியாகப் போனபோது சொல்வதற்குக் காரணம் இல்லாமல் ஏணியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நின்றான். அவள் அவனை உயரமான நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போட்டாள். எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாள். இதில் தெளிவாகத் தெரிகிறதா, இதிலா என்று கேட்டாள். இருட்டில் அவள் கை அவன் நெற்றியருகே போய் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரிகிறது என்று சொன்னான். அப்படி இருக்க முடியாது என்றாள்.

சின்ன வயதிலிருந்து அவனை அண்ணா என்று கூப்பிட்டவள். அன்றைக்கு அதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாக வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

மாதங்கள் போயின. படகுப் பயணம் முடிவானதும் அவள் போனில் சொன்னாள். "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தீங்கன்னா, எறங்க வேண்டாம்."

டெய்லர் சரி என்று சொல்லிவிட்டான். சொல்லிய பிறகுதான், ஏன் சொன்னோம் என்று இருந்தது.

காரணம் இருந்தது. தங்கையின் முதல் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தவன் நெட்டை. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் அவன்தான் இரண்டுமாக இருந்தான். நல்ல இடம் என்று ஊரெல்லாம் சொன்னான். இரண்டே வருடத்தில் அவள் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள். கழுத்தில் ஒரு தழும்பு இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு நெட்டை டெய்லரின் கடைக்கு வந்து வெட்டும் மேசை மேல் ஏறி உட்கார்ந்தான். இனிமேல் அவளுடைய கல்யாணப் பேச்சை எடுக்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றான். அவளுக்கு அண்ணன்மார் நாம் இரண்டு பேர், அது போதும் என்றும் சொன்னான். டெய்லர் அப்போது தலையை ஆட்டினான்.

ஆட்டிய தலை. அதை வைத்துக்கொண்டுதான் இப்போது படகில் உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை முழுக்கக் காற்று இருந்தும் படகு மெதுவாகவே போனது. கரை வலது பக்கம் நகர்ந்தது. முதலில் மரங்கள், பிறகு சுவர், பிறகு மறுபடி மரங்கள். துணிக் கட்டை யாரோ சாவகாசமாகப் பிரித்துக் காட்டுவது போல இருந்தது. கரையோர வீடுகளில் ஜன்னல்கள் திறந்திருந்தன. வெளியே பறந்த திரைகளை டெய்லர் பார்த்துக்கொண்டே வந்தான். இது மலிவுத் துணி. இதை எவனோ அளவு தவறி வெட்டியிருக்கிறான். ஒரு மாடி ஜன்னலில் ஒரு பெண் திரையை விலக்கிக் கடலைப் பார்த்தாள். படகு அவள் ஜன்னலைக் கடந்து முடிப்பதற்குள் அவள் தலை வாரி, பின்னி, முடிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நெட்டைக்குச் சந்தேகம் வந்தது. காற்று நன்றாக அடிக்கிறது, படகு ஏன் இப்படி அரைத் தூக்கத்தில் போகிறது? கப்பியில் பிசகு என்று முடிவு செய்து எண்ணெய் விட்டான். பிறகு எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று துடைத்தான். தன் உயரத்துக்கு அந்தப் பக்கம் எடை கூடுகிறதோ என்று இடத்தை மாற்றினான். படகின் மூக்கில் உட்கார்ந்து பார்த்தான். மாற்றமில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் டெய்லருக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

பாயின் அடிப்பக்கம் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தான். கை விளிம்பைத் தடவியது. துணிக்குள் ஏதோ கெட்டியாக இருந்தது. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. வரிசையாக இருந்தன. தூக்கம் போய்விட்டது.

ஈயத் துண்டுகள்.

திரைச்சீலை சுருக்கமில்லாமல் நேராகத் தொங்க வேண்டும் என்றால் அடி மடிப்புக்குள் ஈயம் வைத்துத் தைப்பார்கள். நல்ல கடையில் நல்ல திரைக்கு அப்படித்தான். பாயைத் தைத்தபோது யோசித்துச் செய்யவில்லை. கத்தரித்தான், மடித்தான், வலது பக்கம் இருந்த டப்பாவில் கையை விட்டான். முப்பது வருடப் பழக்கம், கை அதன் பாட்டுக்குச் செய்துவிட்டது. பாய் அழகாக இருந்தது. ஒரு பெரிய மனிதர் வீட்டு வரவேற்பறையில் தொங்குவது போலத் தொங்கியது. காற்று வந்து தட்டினால் லேசாக அசைந்து, மறுபடி நேராக நின்றது.

காற்றைப் பிடிக்கப் பாய்க்கு வயிறு வேண்டும். இதற்கு இல்லை.

நெட்டையைப் பார்த்தான். அவன் மறுபடி கப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் போதும். சட்டைப் பையில் கத்தரிக்கோல் இருந்தது; மடிப்பைப் பிரிக்க அதிக நேரம் ஆகாது. பிரித்தால் படகு ஓடும். ஓடினால் நாளைக்கே ஊர் வந்துவிடும்.

டெய்லர் கையை எடுத்துக்கொண்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தது. எதைச் சொல்வது என்பதை அவன் அப்போது தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஒரு சிறிய துறையில் படகைக் கட்டினார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு கட்டில். நெட்டையின் கால் கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் நீண்டது. ஜன்னலில் திரை இல்லை. இரண்டு ஆணி மட்டும் இருந்தது. கீழே யாரோ சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும் சத்தம், கம்பிகள் காற்றைக் கிழிக்கும் சத்தம், மாடி வரைக்கும் கேட்டது. டெய்லர் படுத்தபடி வாக்கியத்தைத் தயார் செய்தான். முதலில் படிப்பு, பெஞ்சு, பழைய கதை. அதிலிருந்து மெதுவாக அவளுடைய கடைக்கு வருவது. கடையிலிருந்து திரை. அங்கே வந்து நின்றுவிட்டது. இதற்கு மேல் நகரவில்லை.

நெட்டை இருட்டாகிக்கொண்டு வந்த கூரையைப் பார்த்துக்கொண்டு தங்கச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றான்.

டெய்லர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

அவள் கடைப் பலகையில் எழுத்து மங்கிவிட்டதாம். கண்ணாடிக் கடைப் பலகையே கண்ணுக்குத் தெரியாவிட்டால் எவன் உள்ளே வருவான்? இந்தத் தடவை போய் அதற்குப் பெயிண்ட் அடித்துத் தரவேண்டும் என்றான். திரும்பிப் படுத்தான். உடனே குறட்டை விட்டான்.

சனிக்கிழமை கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இஸ்திரி போட்டது போல இருந்தது. பனி மாதிரி ஒரு வெண்மை எழுந்து கரையை மறைத்தது. வானம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. படகு எதன் மேலும் இல்லாமல் தொங்கியது. பேசினால் குரல் பக்கத்திலேயே நின்றது. வெண்மைக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்தது, ஒரு கதவு சாத்தப்பட்டது, ஒரு குழந்தையை யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். கரை இருக்கிறது என்பதற்கு அவ்வளவுதான் சாட்சி.

நெட்டை படகின் அடிப்பலகையைக் காட்டினான். பலகை இடுக்கில் ஹோட்டல் மண் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு முளை வெளியே வந்திருந்தது. இரண்டு இலை. குடிக்கிற தண்ணீரில் ஒரு மூடி எடுத்து அதற்கு ஊற்றினான். இருக்கிற வேகத்தைப் பார்த்தால் இது மரமாகி, அதில் காய்த்ததைத் தின்ற பிறகுதான் போய்ச் சேருவோம் என்றான். டெய்லர் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றைக்கு மூன்று முறை தொண்டையைச் செருமினான். முதல் முறை நெட்டை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். இரண்டாம் முறை சளிக்கு மாத்திரை தேடினான். மூன்றாம் முறை வெண்மைக்குள்ளிருந்து ஒரு பறவை வந்து பாய்மர உச்சியில் உட்கார்ந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது போன பிறகு பேச்சு எங்கே இருந்தது என்று டெய்லருக்கே தெரியவில்லை. ஒருவகையில் அவனுக்கு நன்றாகவும் இருந்தது. இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியது. சொல்லாதவரைக்கும் நெட்டை எதிரில் இருக்கிறான், அவளும் துறையில் இருக்கிறாள். யாரும் எங்கேயும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெண்மை கலைந்தது. தூரத்தில் கரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் கலங்கரை விளக்கு, வெள்ளை நூல்கண்டு நிறுத்தி வைத்தது போல. அதைச் சுற்றித் திரும்பினால் ஊர். பின்பக்கமிருந்து இளங்காற்று வீசியது. பாய் நேராகத் தொங்கியது.

நெட்டை வெயிலைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். பாலிதீன் பையிலிருந்து போனை எடுத்தான்.

"இன்னைக்குப் போய்ச் சேர மாட்டோம்டா. பாவம், எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பா? வீட்டுக்குப் போகச் சொல்லிடறேன்."

"இருடா."

"என்ன இரு? காலையிலருந்து நிக்கிறா. நாளைக்குக் கடை தெறக்கணும் அவளுக்கு."

டெய்லர் மனதுக்குள் அவளுக்கு அந்தப் போன் வந்து சேர்ந்தது. வர முடியவில்லை என்று அண்ணன் சொல்கிறான். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் குடையை மடக்குகிறாள். எதற்கென்று கேட்கமாட்டாள். அவளாக இன்னொரு முறை அந்தப் பேச்சை எடுக்கவும் மாட்டாள்.

"போனை உள்ள வை," என்றான் டெய்லர். சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான்.

பாயின் அடி விளிம்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான். தையலில் முனையை நுழைத்துப் பிரித்தான். அவன் தைத்த தையல், சீக்கிரத்தில் வரவில்லை. முதல் துண்டு படகின் பலகையில் விழுந்து உருண்டது. அடுத்தது விழுந்தது. நெட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது என்னடா?"

"ஈயம்."

"பாய்க்குள்ள எதுக்கு ஈயம்?"

டெய்லர் தலையைத் தூக்காமல் சொன்னான். திரை நேராகத் தொங்குவதற்கு வைப்பது, பழக்க தோஷத்தில் இதிலும் வைத்துவிட்டேன் என்றான். நெட்டை துண்டையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு படகே ஆடுகிற மாதிரி சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரில் போய்ச் சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான் என்றான். அடுத்த தடவை ஜன்னல் கம்பியையும் மாட்டிவிடு, மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ளலாம் என்றான். நான்கு நாளாகக் கப்பியைப் போட்டு வறுத்தெடுத்தேனே, அதற்கு யார் மன்னிப்புக் கேட்பது என்றான்.

டெய்லர் சிரிக்கவில்லை. பிரித்துக்கொண்டே இருந்தான்.

நெட்டையின் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா உனக்கு?"

"வெள்ளிக்கிழமையே தெரியும்."

"வெள்ளிக்கிழமை." நெட்டை அந்தத் துண்டை உள்ளங்கையில் உருட்டினான். "நேத்து முழுக்க நடுக்கடல்ல தொங்கிட்டுக் கெடந்தோம். அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

தயார் செய்து வைத்திருந்த பெஞ்சு, பழைய கதை, கடை எதுவும் வரவில்லை. கடைசித் துண்டு கையில் இருந்தது. டெய்லர் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஊர் வர்றதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்ல முடியல. அதான் மெதுவாப் போகட்டும்னு விட்டுட்டேன். உன் தங்கச்சியை நான் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

பாயை விட்டான். அது ஒரு முறை படபடத்தது. பிறகு காற்று உள்ளே புகுந்து முழுக்க நிறைந்தது. கயிறு டெய்லரின் கையை இழுத்தது. படகின் மூக்கு எழும்பியது. அடியில் தண்ணீர் பேசத் தொடங்கியது. இத்தனை நாளும் அந்தச் சத்தமே இல்லாமல் வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

நெட்டை குனிந்தான். பலகையில் கிடந்த ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். சட்டைப் பையில் போட்டான். பை கனத்துத் தொங்கியது. சுக்கானை இடது கைக்கு மாற்றினான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"அவதான் உன்கிட்ட சொல்லச் சொன்னா."

"அப்ப எனக்குத்தான் கடைசியாத் தெரியுது."

 டெய்லர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கலங்கரை விளக்கு அருகே வந்தது. மதியத்திலிருந்து எட்டாமல் இருந்தது இப்போது பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதானது. அதில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் தெரிந்தது. ஒரு சிறிய கதவு தெரிந்தது. நெட்டையின் முகத்தைப் பார்க்க டெய்லருக்குத் தைரியம் வரவில்லை. அவன் கையைப் பார்த்தான். சுக்கான் மேல் அந்தக் கை அசையாமல் இருந்தது. வெட்டும் மேசை மேல் உட்கார்ந்து பேசிய அன்றைக்கும் அது அப்படித்தான் இருந்தது.

படகு முனையைச் சுற்றித் திரும்பியது. மஞ்சள் வெயிலில் ஊர் எதிரே விரிந்தது. சுவர்கள், படிக்கட்டு, மரத்தூண்கள் மேல் நின்ற துறை. துறையின் கோடியில் ஒரு நீலக் குடை. குடைக்குக் கீழே ஒருத்தி. இவர்களைக் கண்டதும் அவள் கையை ஆட்டவில்லை. குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெட்டை அவளைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு சுக்கானை ஒரு பக்கமாகத் தள்ளினான். படகு காற்றுக்கு எதிரே திரும்பியது. பாய் வயிற்றை இழந்து படபடத்தது. வேகம் குறைந்து, குறைந்து, நின்றது. துறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. தண்ணீர் படகைத் தொட்டிலைப் போல ஆட்டியது.

டெய்லர் காத்திருந்தான். திட்டுவான் என்று நினைத்தான். இறங்கு என்று சொல்வான், நீந்திப் போ என்று சொல்வான் என்றும் நினைத்தான்.

நெட்டை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சின்னப் படகில் அவன் அவ்வளவு நீளமாக, அவ்வளவு தனியாக இருந்தான். பையிலிருந்த ஈயம் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டது. அவன் துறையைப் பார்த்தபடியே, கோபமில்லாத குரலில் கேட்டான்.

"நாளைக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டீங்கன்னா, நான் யார் வீட்டுல போய்டா உக்காருவேன்?"